பாஸ் மார்க்கும் பிஸ்டலும்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஒரு சட்டம் இருக்கிறது. கைத்துப்பாக்கிக்கு லைசென்ஸ் வாங்கிவிட்டால் போதும், அரசுப் பல்கலைக்கழக மாணவர் பிஸ்டலைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு வகுப்பில் வந்து உட்காரலாம். வெளியே தெரியக் கூடாது, அவ்வளவுதான். 'கேம்பஸ் கேரி' என்று பெயர். ஆனால் பல்கலைக்கழக ஃபுட்பால் மேட்சுக்கு மட்டும் கொண்டுபோகக் கூடாதாம். அங்கே ஜனங்கள் உணர்ச்சிவசப்படுவார்களே! பரீட்சையில் ஃபெயில் ஆனவன் உணர்ச்சிவசப்பட மாட்டான்போல.

சட்டம் நடைமுறைக்கு வந்தது 2016 ஆகஸ்ட் 1. சரியாக 50 வருஷத்துக்கு முன்னால், 1966 ஆகஸ்ட் 1 அன்றுதான், ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் கோபுரத்தில் ஏறி நின்று சார்லஸ் விட்மன் என்ற முன்னாள் ராணுவ வீரன் கண்ணில் பட்டவர்களையெல்லாம் சுட்டுத் தள்ளினான். பத்துப் பேருக்கு மேல் செத்தார்கள். தேதி தற்செயல் என்றே வைத்துக்கொள்வோம். ஒருத்தருக்குக்கூடவா காலண்டரைப் புரட்டத் தோன்றவில்லை?

இந்தச் சட்டத்தை ஆதரிப்பவர்கள் அடிக்கடி இழுப்பது வர்ஜீனியா டெக் படுகொலையை. 2007 ஏப்ரல் 16. இறந்தவர்கள் 32 பேர். அதில் ஒருவர் நம்ம கோபிசெட்டிப்பாளையம் பக்கத்துக்காரர், பேராசிரியர் ஜி.வி.லோகநாதன். நீரியல் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தவரை வகுப்பறையிலேயே சுட்டுக் கொன்றான் அந்த மாணவன். 'அன்னிக்கு அந்த கிளாஸ்ல ஒரே ஒருத்தர்கிட்ட துப்பாக்கி இருந்திருந்தா?' என்று கேட்கிறார்கள். எனக்கும் ஒரு நிமிஷம் நியாயமாகத்தான் பட்டது.

சரி, துப்பாக்கி இருந்த இடத்தில் என்ன நடந்தது? 2015 அக்டோபர் 1, ஆரகன் மாநிலத்தில் உம்ப்குவா கம்யூனிட்டி காலேஜ். ஒருவன் புகுந்து சுட்டதில் 9 பேர் பலி. அன்றைக்கு அதே வளாகத்தில் லைசென்ஸ் துப்பாக்கியோடு ஒரு மாணவர் இருந்தார். அதுவும் ராணுவத்தில் வேலை பார்த்தவர். அவர் வெளியே ஓடவில்லை. ஓடியிருந்தால், வருகிற போலீஸ் தன்னையே கொலைகாரன் என்று நினைத்துச் சுட்டுவிடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பயிற்சி பெற்றவருக்கே இந்தக் கதி. 19 வயசுப் பிள்ளைகள் பெஞ்சுக்கு அடியில் பதுங்கியிருக்க, நாலு பேர் நாலு மூலையிலிருந்து சுட ஆரம்பித்தால் யார் நல்லவன், யார் கெட்டவன் என்று தோட்டா எப்படிக் கண்டுபிடிக்கும்?

ஐடஹோவில் 2014 ஜூலையில் இதே மாதிரி சட்டம் வந்தது. இரண்டே மாதத்தில் அங்கே ஒரு கெமிஸ்ட்ரி பேராசிரியரின் பாக்கெட்டில் இருந்த பிஸ்டல் வகுப்பில் வெடித்து, அவர் காலிலேயே பாய்ந்தது. சிரித்துவிட்டு ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது உங்கள் பெண் என்றால்?

டெக்சாஸில் இதை எதிர்த்தவர்களில் ஒருவர் வில்லியம் மெக்ரேவன். அப்போது மாநிலத்தின் யூ.டி. பல்கலைக்கழகத் தொகுதிக்கே அவர்தான் சான்ஸலர். அதற்கு முன்னால் கடற்படை அட்மிரல், ஒசாமா பின்லேடனைத் தீர்த்துக்கட்டிய ஆபரேஷனை நடத்தியவர். துப்பாக்கியைக் கண்டு மிரளும் கதர்ச்சட்டை ஆசாமி அல்ல. அவரே வேண்டாம் என்றார். கேட்டார்களா?

என் கவலை வெடிக்கும் துப்பாக்கி பற்றி மட்டுமல்ல. வெடிக்காமல் சட்டைக்குள்ளேயே இருக்கும் துப்பாக்கி செய்கிற வேலை பற்றியும்தான். சட்டம் வருவதற்குச் சில மாதங்கள் முன்பு, ஹூஸ்டன் பல்கலைக்கழக ஆசிரியர்களுக்கு ஒரு கூட்டம் நடந்தது. அங்கே திரையில் காட்டப்பட்ட ஆலோசனைகள் என்ன தெரியுமா? சிக்கலான விஷயங்களை ஜாக்கிரதையாகப் பேசுங்கள். சில பாடங்களை விட்டுவிடலாமா என்று பாருங்கள். மாணவன் கோபப்படுவதாகத் தெரிந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். இனம், மதம், கருக்கலைப்பு, போர் என்று எதையும் சண்டை போட்டுப் பேசலாம் என்பதற்குத்தானே பல்கலைக்கழகம்! வாத்தியார் வாயை மூட ஒரு தோட்டாகூடச் செலவாகவில்லை. ஆஸ்டினில் மூன்று பேராசிரியைகள் இதைத்தான் கோர்ட்டில் சொன்னார்கள். உங்கள் பயம் வெறும் ஊகம் என்று 2018-ல் அப்பீல் கோர்ட் தள்ளுபடி செய்தது. ஊகம் நிஜமாகிற வரை காத்திருக்க வேண்டும்போல.

'அரசியல் சட்டம் கொடுத்த உரிமை சார்' என்பார்கள். ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைத் தருகிற அந்த இரண்டாவது திருத்தத்தை வரைந்தவர் ஜேம்ஸ் மேடிசன். அவரும் தாமஸ் ஜெஃபர்சனும் 1824-ல் வர்ஜீனியா பல்கலைக்கழக நிர்வாகக் குழுவில் இருந்தார்கள். மாணவர் எவரும் வளாகத்துக்குள் எந்த ஆயுதமும் வைத்திருக்கக் கூடாது என்று அந்தக் குழு தீர்மானம் போட்டது. உரிமையை எழுதியவருக்கே அதன் எல்லை தெரிந்திருந்தது. 2016-ல் ஜார்ஜியா கவர்னர் நேதன் டீல் இந்தத் தீர்மானத்தைச் சுட்டிக்காட்டித்தான் கேம்பஸ் கேரி மசோதாவை நிராகரித்தார். ஆஹா என்று கைதட்டுவதற்குள், சில விலக்குகளோடு வந்த அதே மாதிரி மசோதாவுக்கு மறுவருஷமே கையெழுத்துப் போட்டுவிட்டார். அரசியல்வாதி எந்த ஊரிலும் அரசியல்வாதிதான்.

இன்னொரு கூத்து. டெக்சாஸ் சட்டம் தனியார் பல்கலைக்கழகங்களை மட்டும் 'உங்கள் இஷ்டம்' என்று விட்டது. ரைஸ், பேய்லர் என்று அநேகமாக எல்லோரும் வேண்டவே வேண்டாம் என்றுவிட்டார்கள். இவ்வளவு பாதுகாப்பு தருகிற சமாசாரம் என்றால் முதலில் அவர்கள்தானே ஓடிப்போய் வாங்கியிருக்க வேண்டும்?

ஆஸ்டின் பேராசிரியர்களுக்கு ஒரே ஒரு சலுகை. தனி ஆபீஸ் ரூம் இருந்தால், அதற்குள் துப்பாக்கி கூடாது என்று சொல்லலாம். ஆனால் வருகிறவரிடம் வாயால் சொல்ல வேண்டும் என்பது விதி. கதவு தட்டப்படுகிறது. மார்க் குறைந்த கோபத்தில் ஒரு பையன் பேப்பரோடு நிற்கிறான். 'வாப்பா, உட்காரு. அதுக்கு முன்னாடி, சட்டைக்குள்ள ஏதாவது இருக்கா?' என்று அவர் ஆரம்பிக்க வேண்டும்.