நண்டு நல்லம், கொத்து சரியில்லை, திரை வேண்டாம்

போன வருசம் ஒரு திங்கட்கிழமை இரவு அந்தக் கடையில் கொத்துரொட்டி சாப்பிட்டுவிட்டு வந்து, கோபத்தில் கூகுள் வரைபடத்தில் இரண்டு நட்சத்திரம் போட்டேன். "ரொட்டி அவிஞ்சு களியாகிப் போச்சு. உப்பில்லை. அரை மணித்தியாலம் காத்திருந்ததுக்கு இதுதான்" என்று மூன்று வரி. எழுதினது பொய்யில்லை. இப்பவும் கொத்து அப்பிடித்தான் இருக்கும், விருப்பமெண்டால் போய்ச் சாப்பிட்டுப் பாருங்கோ.

ஆனால் அதே கடைக்கு நான் இப்பவும் கிழமைக்கு மூன்று தரம் போறன். ஏன் போறன் எண்டதைப் பற்றியும், அங்கே வரப்போற ஒரு திரைச்சீலையைப் பற்றியும்தான் இதை எழுதுகிறேன்.

கடை எது என்று சொல்லமாட்டேன். திருநெல்வேலியில், பலாலி வீதியிலிருந்து உள்ளே இறங்குகிற ஒழுங்கைகளில் ஒன்று, அவ்வளவும் போதும். கம்பஸ் பிள்ளையளுக்கு விளங்கும். உண்மையில் அது கடையே இல்லை, வீடு. விறாந்தையும் முன் ஹோலும்தான் கடை. பெயர்ப்பலகை கிடையாது. கதிரைகள் ஒன்றுக்கொன்று சொந்தமில்லாதவை: இரண்டு பிளாஸ்ரிக், ஒரு பிரம்பு, ரியூட்டறி ஒன்று மூடினபோது வாங்கின நாலு வாங்கு. வாங்கில் யாரோ கொம்பாசால் கீறின காதலர் பெயர்களுக்கு மேலேதான் கோப்பையை வைக்க வேண்டும். சுவரில் பழைய கலண்டர்கள். ஆண்டு முடிந்தாலும் ஐயா கழற்றமாட்டார், சாமிப்படம் இருக்கிறதாம். றேடியோ விடியத் தொடங்கினால் கடை பூட்டும் வரைக்கும் பாடும், சத்தத்தைக் குறைக்கச் சொன்னால் கூட்டுவார்.

விலைப்பட்டியலும் இல்லை. நீங்கள் போய் இருந்தால் ஐயா வந்து, "மத்தியானம் என்ன சாப்பிட்டனீங்கள்?" என்று கேட்பார். அதைக் கேட்டுவிட்டு இரவுக்கு என்ன தரலாம் என்று அவரே முடிவெடுப்பார். ஒருநாள் நான் கணவாய்க் கறி கேட்க, "இருக்குப் பிள்ளை, ஆனா நீங்கள் சாப்பிடாதேங்கோ" என்றார். ஏன் என்று கேட்டேன். "இண்டைக்கு நான்தான் சமைச்சனான்."

அந்தக் கடையின் முழு இரகசியமும் அந்த ஒரு வசனத்தில் இருக்கிறது. எனக்கு அது விளங்க ஒரு செமஸ்ரர் எடுத்தது. புதன், வியாழன், சனி மூன்று நாளும் பாசையூரிலிருந்து ஒரு அக்கா சமைக்க வருவார். வெள்ளிக்கிழமை சைவம், அண்டைக்கு ஐயாவின் மனுசி குசினிக்குள்ளே. மிச்ச நாள் ஐயா. ஆக, அது ஒரே வாசலுக்குள் இருக்கிற மூன்று கடை. நட்சத்திரம் போடுகிற ஆட்களுக்கு இது தெரியாது. எனக்கும் தெரியவில்லை. செவ்வாய் வந்தவன் குப்பை என்று எழுதுவான், சனி வந்தவன் சொர்க்கம் என்று எழுதுவான், இரண்டும் சரி.

அக்காவின் நண்டுக்கறியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் கடலில் பிடிபடுகிற நீலக்கால் நண்டில் பெரிசும் நல்லதும் கம்பனிகளுக்குப் போய், சதையெடுத்துப் பதனிட்டு வெளிநாட்டுக்கு ஏற்றுமதியாகிறது. எங்களுக்கு மிஞ்சுவது சின்னதும் கால் போனதும். அக்கா கொண்டுவருவதும் அதுதான். ஆனால் விடியக் கரைக்கு வந்த நண்டு, மத்தியானம் சட்டிக்குள். விறகடுப்பில் வைப்பார். 2022இல் காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்ற காலத்தில் பின்வளவில் கட்டின அடுப்பு, பிறகு காஸ் வந்தும் அதை அவர் விடவில்லை. செத்தல் மிளகாய், மல்லி, பெருஞ்சீரகம், மிளகு, கறிவேப்பிலை எல்லாம் வறுத்து இடித்த தூள், வீட்டுத்தூள். தேங்காய்ப்பால் கடைசியில். இறக்கப்போகிற நேரம் ஒரு பிடி முருங்கையிலை. நண்டைக் கூட நேரம் கொதிக்க விட்டால் சதை சுருங்கி ஓட்டோடு ஒட்டிவிடும். அவருடைய நண்டில் ஓட்டை உடைத்தால் சதை தானாக வரும். சோற்றோடும் சரி, புட்டோடும் சரி, விரலைச் சூப்பாமல் எழும்பின ஒருத்தரையும் நான் காணவில்லை.

கொத்து ஏன் சரிவராது என்றும் இப்போது தெரியும். கொத்துப் போடப் பெரிய இரும்புக் கல் வேண்டும். கல் நல்லாகக் காய்ந்திருந்தால்தான் ரொட்டி அதில் பட்டுப் பட்டு ஓரம் முறுகும். ஐயாவிடம் கல் இல்லை. தாச்சிக்குள் போட்டு அகப்பையால் கிண்டுகிறார். ரொட்டி வறுபடாமல் அவிகிறது. கல் வாங்குங்கோவன் என்று கேட்டதுக்கு, "அந்தச் சத்தம் எனக்கு ஒத்துவராது" என்றார். றேடியோ அலறிக்கொண்டிருக்கிறது!

வெள்ளிக்கிழமைச் சோறு பரவாயில்லை. கத்தரிக்காய்ப் பால்கறி, பருப்பு, மோர்மிளகாய், அப்பளம். வீட்டுச் சாப்பாடு மாதிரி இருக்கும், அதற்கு மேல் ஒன்றுமில்லை. நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் இந்தச் சைவச் சோறுதான், அக்காவுக்கு லீவு. அந்த மாதம் எனக்குக் கொஞ்சம் கஷ்டம்.

இனி விசயத்துக்கு வாறன்.

நான் வவுனியாவிலிருந்து வந்து அறை எடுத்துப் படிக்கிறேன். அறையில் சமைக்க வீட்டுக்காரர் விடமாட்டார்கள். ஆகவே மூன்று வேளையும் வெளிச்சாப்பாடு. மகாபொல 5000 ரூபாயாக இருந்து 2025இல் 7500 ஆனாலும், அது மாதத்தின் எத்தனையாம் திகதி வரைக்கும் தாங்கும் என்று கடைச்சாப்பாடு சாப்பிடுகிற எல்லாருக்கும் தெரியும். காசு ஒரு பிரச்சினை. அதைவிடப் பெரிய பிரச்சினை, இருந்து சாப்பிட இடம்.

இதைப் பொடியங்களுக்குச் சொன்னால் விளங்காது. நீங்கள் ஒரு கடைக்குள் போனால் "என்ன சாப்பிடுறீங்கள் தம்பி?" என்று கேட்பார்கள். நான் தனியப் போனால் முதல் கேள்வி "பாசலோ?" முதல் வருசத்தில் நான் இதைக் கவனிக்கவில்லை. ஓம் ஓம் என்று பாசலை வாங்கிக்கொண்டு போய் அறையில் கட்டிலில் இருந்து சாப்பிட்டேன். இரண்டாம் வருசம் ஒருநாள், "இல்லை, இருந்து சாப்பிடப்போறன்" என்று சொன்னேன். காசு மேசையில் இருந்தவர் கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தனியவோ?" என்றார். பிறகு பின்பக்கமாகக் கையைக் காட்டினார். பமிலி ரூம்.

பமிலி ரூம் எப்படி இருக்கும் என்று எங்கள் பெட்டையளைக் கேளுங்கோ. பலகை அடித்த சின்ன அறை, வாசலில் திரைச்சீலை, பக்கத்தில் கைகழுவுகிற இடம். காற்றாடி சுற்றினால் அதிர்ஷ்டம். பரிமாறுகிற ஆள் உங்களை மறந்துபோவார், ஏனென்றால் நீங்கள் கண்ணில் படவில்லை. சொதி வேண்டுமென்றால் திரையை விலக்கி எட்டிப்பார்த்துக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் முழுக்கடையும் திரும்பிப் பார்க்கும். பார்வையிலிருந்து காப்பாற்றத்தான் திரை என்கிறார்கள். கடைசியில் அந்தத் திரைதான் எல்லாரையும் பார்க்க வைக்கிறது. அதற்குள் ஒரு பெட்டையும் பொடியனும் போயிருந்தால் திரைக்குள்ளே என்ன நடக்குது என்று கேட்கிறதும் திரை போட்ட அதே ஆட்கள்தான்.

அந்த ஒழுங்கைக் கடையில் முதல் நாள் நான் போனபோது ஐயா "பாசலோ" என்று கேட்கவில்லை. மத்தியானம் என்ன சாப்பிட்டது என்றுதான் கேட்டார். பக்கத்து வாங்கில் ஓட்டோக்கார அண்ணை ஒராள், முன்னால் இரண்டு பெட்டையள் நோட்ஸை விரித்துவைத்துக்கொண்டு, மூலையில் ஒரு கிழவி தனியப் புட்டுச் சாப்பிட்டுக்கொண்டு. ஒருத்தரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. றேடியோச் சத்தத்தில் ஒருத்தருக்கும் ஒருத்தர் பேசுவது கேட்காது, அதுவும் ஒரு வசதி. ஒன்றரை மணித்தியாலம் இருந்தேன். யாழ்ப்பாணத்தில் ஒரு கடையில் தனிய இருந்து பிளேன்ரீ குடித்த முதல் நாள் அது. அண்டைக்குச் சாப்பிட்டது என்ன என்று கேட்டால் ஞாபகமில்லை.

போன மாதம் ஐயா கணக்குக் கொப்பியோடு வந்து என் முன்னால் இருந்தார். "பிள்ளை, குறை நினைக்காதேங்கோ. ஒழுங்கைக்குள்ள கதைக்கினம். பெட்டையள் இரவு எட்டு மணிவரைக்கும் ஆம்பிளையளோட ஒண்டா இருக்கினமெண்டு. அந்த மூலையில ஒரு மறைப்பு அடிச்சுத் திரை போட்டுவிட்டா உங்களுக்கும் நல்லதுதானே?"

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. வீட்டோடு இருக்கிற கடை, அயலைப் பகைத்துக்கொண்டு நடத்த ஏலாது. எனக்கு அது தெரியும். ஆனாலும் நல்லதில்லை.

என் அறைத்தோழி இதை ஒத்துக்கொள்ளமாட்டாள். அவளுக்குத் திரை விருப்பம். "நண்டை உடைச்சுக் கையால சாப்பிடேக்க ஒருத்தரும் பாக்காம இருந்தா எனக்கு நிம்மதி" என்கிறாள். அவளுடைய நிம்மதியை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் திரை வந்த பிறகு என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இப்போது நான் அங்கே இருந்தால் சாப்பிட வந்த ஒராள். நாளைக்குத் திரை இருந்தால், திரைக்கு வெளியே இருக்கிறவள் வேண்டுமென்று வெளியே இருக்கிறவள். "உள்ளுக்குப் போகலாம்தானே, ஏன் போகேல்லை?" என்ற கேள்வி வரும். விரும்பினவருக்கு மட்டும் என்று தொடங்குகிற திரை, விரும்பாதவரையும் இழுக்கும். மற்றக் கடைகளில் பின்பக்கம் கை காட்டினவர்களும் ஒரு காலம் "விருப்பமெண்டால் போங்கோ" என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

இந்த ஊரில் கடைக்குள் யார் இருக்கலாம் என்பது சின்னக் கதை இல்லை. ஒடுக்கப்பட்ட சாதி ஆட்களுக்குத் தேநீர்க்கடைகளில் வாங்கில் இருக்க இடமில்லாமல், வேற குவளையில், போத்தலில் தேத்தண்ணி கொடுத்த ஊர் இது. 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் சமூகக் குறைபாடுகளைத் தடுக்க என்று வந்தது. வந்தும் கடைகள் உடனே திறபடவில்லை. 1966 ஒக்டோபரில் சுன்னாகத்திலிருந்து ஊர்வலம் போக வேண்டியிருந்தது, அதற்குப் பிறகும் கடை கடையாகப் போய் உள்ளே இருந்து தேத்தண்ணி கேட்க வேண்டியிருந்தது. அதற்கு இரத்தம் சிந்தினார்கள். கே. டானியலின் நாவல்களை எங்கள் பீடத்தில் இலக்கியமாகப் படிக்கிறோம். படித்துவிட்டுச் சாப்பிட வெளியே போகிறோம். அந்தக் கொடுமையையும் என் பாசலையும் ஒரே தராசில் போட நான் வரவில்லை, அது அநியாயம். ஆனால் "உங்களுக்குத் தனியா ஒரு இடம் வைச்சிருக்கிறம்" என்கிற வசனத்தை இந்த ஊர் புதிதாகக் கேட்கவில்லை என்பதை மட்டும் சொல்லவேண்டும்.

திருநெல்வேலி அம்மாச்சி உணவகத்தில் பெண்கள் சமைக்கிறார்கள், பெண்கள் காசு வாங்குகிறார்கள், தோசைக்கு ஆணும் பெண்ணும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். ஒருத்தருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. இதை நான் ஐயாவிடம் சொன்னேன். "அது அரசாங்கத்தின்ர பிள்ளை, அரசாங்கத்துக்கு ஒழுங்கை இல்லையே" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை.

என் மூன்று வரியை நான் இன்னும் அழிக்கவில்லை. அழித்தால் கொத்து நல்லம் என்று பொய் சொன்ன மாதிரி. கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: "பெட்டையள் தனியப் போய் முன்னுக்கே இருந்து சாப்பிடலாம்." நட்சத்திரத்தை மூன்றாக்கினேன். ஐந்து போடு என்று சிநேகிதி சொன்னாள். ஏலாது, கொத்து கொத்துதான்.

கடந்த சனிக்கிழமை போனேன். மூலையில் கம்பி பூட்டியாகிவிட்டது. திரை இன்னும் இல்லை. ஐயா இரண்டு துணித்துண்டைக் கொண்டுவந்து மேசையில் போட்டு, பச்சையோ மண்ணிறமோ என்று என்னிடமே கேட்டார். "இரண்டும் வேண்டாம் ஐயா" என்றேன். ஒன்றும் சொல்லாமல் மடித்து எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் ஒடியல் கூழோடு வந்தார். இறால், நண்டுக்கால், பயற்றங்காய், பலாக்கொட்டை எல்லாம் இருந்தது, ஆனால் ஒரே கசப்பு. அக்காவுக்குக் காய்ச்சலாம், மாவை இவர்தான் கரைத்திருக்கிறார். ஒடியல் மாவைத் தண்ணியில் ஊறவிட்டு மேல்தண்ணியை வடித்து வடித்துக் கசப்பை எடுக்க வேண்டும்.

"மா ஊறினது காணாது ஐயா" என்றேன்.

"ஓம், நேரம் காணேல்லை" என்று ஒத்துக்கொண்டார். போனவர் திரும்பி நின்று, "அதையும் கூகுளில எழுதுங்கோ பிள்ளை" என்றார்.