ஆற்றல் வேண்டும், ஆரவாரம் வேண்டாம்!

2025ஆம் ஆண்டு மே மாதத்தில் ஜனாதிபதி செயலகத்துக்குச் சொந்தமான சொகுசு வாகனங்கள் பல பகிரங்க விற்பனைக்கு வந்தன. போர்ஷ் கயென், நிசான் பற்றோல், எட்டுச் சிலிண்டர் லாண்ட் குறூசர் என்று பெயரைக் கேட்டாலே பெருமூச்செறிய வைக்கும் வண்டிகள் அவற்றுள் இருந்தன. அதிகாரத்தின் முற்றத்தில் அணிவகுத்து நின்றவை சந்தைக்கு வந்து விலை கேட்டு நின்ற காட்சியை நாடு கண்டது.

அரசாங்கம் செய்த இக்காரியத்தைக் கட்சிகள் தத்தம் நோக்கிற்கேற்பப் போற்றட்டும்; தூற்றட்டும். நாம் கேட்க விரும்புவது வேறொரு கேள்வி. அரசு தன் வண்டியை விற்றுவிட்டது. நமது சமூகம் தன் மயக்கத்தை விற்றுவிட்டதா?

வெள்ளவத்தையில் வாழும் ஒரு வைத்தியரோ பொறியியலாளரோ கணக்காளரோ தம்முடைய பெரிய சொகுசுக் காரைக் கொடுத்துவிட்டுச் சிறிய கார் ஒன்றை வாங்கிவந்து தொடர்மாடியின் கீழ் நிறுத்தட்டும். அன்று மாலையே அயலவர் வாயில் என்ன பிறக்கும்? “என்ன, தொழில் நொடித்துவிட்டதோ?” என்பர் சிலர். “மகளுக்குச் சீதனம் கொடுத்தார்; கை இறுகிவிட்டது” என்பர் வேறு சிலர். வசதி கருதியும் அறிவு கருதியும் ஒருவர் சிறிய காரைத் தேர்ந்தெடுக்கலாம் என்ற எண்ணம் ஒருவருக்கும் தோன்றாது. மனிதனின் மதிப்பை அவன் ஏறிவரும் வண்டியின் நீளத்தால் அளக்கும் இந்த முழக்கோலை எவர் நம் கையில் தந்தார்?

பெரிய காரைக் கைவிட்டால் ஆற்றலையும் கைவிட வேண்டும் என்று எண்ணுவதே முதற் பிழை. பின்புறம் முழுவதும் ஒரே கதவாக மேலெழுந்து திறக்கும் சிறிய காரை ஹட்ச்பாக் என்று அழைப்பர். அந்தச் சிற்றுடலுக்குள் வலிய எஞ்சினையும், உறுதியான பிறேக்கையும், வளைவில் தளராத சில்லமைப்பையும் பொருத்தினால் அது விசைமிகு சிறுகார் ஆகிறது. வார நாளில் அலுவலகத்துக்குச் செல்லும். சனிக்கிழமை சந்தைச் சாமானை ஏற்றும். பின் ஆசனத்தை மடித்துவிட்டால் அரிசி மூட்டையையும் சுமக்கும். வெறும் வீதி கிடைத்தால் பெருங்கார்களுக்குச் சளைக்காமலும் ஓடும்.

இவ்வகைக் காரின் வரலாறே நமக்கு ஒரு பாடம். 1956ஆம் ஆண்டு சுயஸ் கால்வாய் நெருக்கடியால் பிரித்தானியாவில் பெற்றோல் பங்கீட்டுக்கு வந்தது. சாம்ராச்சியம் ஆண்ட நாடு பெற்றோலுக்குக் கூப்பன் வெட்டியது! அத்தட்டுப்பாட்டிலிருந்து பிறந்ததுதான் 1959இல் வெளிவந்த மினி கார். அலெக் இசிகோனிஸ் என்ற பொறியியலாளர் எஞ்சினைக் குறுக்குவாட்டில் திருப்பி வைத்து, பத்தடி நீளத்துக்குள் நால்வர் அமர இடம் கண்டார். பந்தயக் கார் அமைப்பாளரான ஜோன் கூப்பர் அதற்கு மேலும் வலுவூட்ட, 1961இல் மினி கூப்பர் பிறந்தது. 1964ஆம் ஆண்டு மொன்ரி கார்லோ நெடும்பந்தயத்தில் முதலிடம் பெற்றது 1071 சி.சி. எஞ்சின் கொண்ட மினி. அதற்குப் பின்னால் இரண்டாவதாக வந்தது 4.7 லீற்றர், எட்டுச் சிலிண்டர் கொண்ட ஃபோர்ட் ஃபல்கன்! எஞ்சினின் பருமனைக் கருதிப் புள்ளி வழங்கிய விதியும் சிறியதற்குத் துணை நின்றது உண்மையே. ஆயினும் 1965இலும் 1967இலும் அதே மலைப்பாதைகளில் மினி மீண்டும் வென்றபோது, சிறியது என்று எள்ளியவர்கள் வாய் மூடினர்.

1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடி உலகை உலுக்கியது. அதன் பின்னர், 1976இல், ஜேர்மனியின் வொல்ஸ்வாகன் நிறுவனம் கொல்ஃப் ஜி.ரி.ஐ. காரை விற்பனைக்கு விட்டது. 1.6 லீற்றர் எஞ்சின், 110 குதிரைவலு, ஒரு தொன்னுக்கும் மிகக் குறைந்த எடை. ஐயாயிரம் கார்கள் விற்றால் போதும் என்று தொடங்கினர். முதற் தலைமுறையே நான்கு இலட்சத்தைத் தாண்டி விற்றது. தட்டுப்பாடு வந்தபோது அறிவுள்ள சமூகங்கள் ஆற்றலைத் துறக்கவில்லை, வீணைத் துறந்தன. இதுவே நாம் கொள்ள வேண்டிய பாடம்.

இனி நமது கொழும்புக்கு வருவோம். வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளை வாசகர் அறிவர். ஒரு வண்டி உள்ளே வர இன்னொரு வண்டி பின்வாங்க வேண்டிய இடுக்குகள் அவை. கொட்டாஞ்சேனையின் ஜம்பட்டா வீதியையும், அங்கிருந்து செட்டியார் தெருவுக்குச் செல்லும் பாதைகளையும் கேட்கவே வேண்டாம். லொறியும் முச்சக்கர வண்டியும் கைவண்டியும் அங்கே ஒன்றையொன்று உரசிச் செல்கின்றன. இத்தகைய வீதிகளில் லாண்ட் குறூசர் 200 என்ற வண்டி ஏறத்தாழ ஐந்து மீற்றர் நீளத்தோடும் இரண்டு மீற்றர் அகலத்தோடும் வந்து நிற்கிறது. ஜப்பானில் 2017இல் வெளிவந்த சுசுக்கி சுவிஃப்ட் ஸ்போர்ட் அதனினும் ஒரு மீற்றர் குறுகியது. கால் மீற்றர் ஒடுங்கியது. அந்த ஒரு மீற்றரில் ஒரு மோட்டார்ச் சைக்கிள் நிற்கும்!

வலுவிலாவது பெரியது வெல்கிறதா? கணக்குப் பார்ப்போம். அந்த லாண்ட் குறூசரின் பெற்றோல் எஞ்சின் ஏறத்தாழ 310 குதிரைவலு தருகிறது. சுமப்பதோ இரண்டரைத் தொன். தொன்னொன்றுக்கு 125 குதிரைவலுவுக்கும் கீழ். சுவிஃப்ட் ஸ்போர்ட் தருவது 140 குதிரைவலு. எடை 970 கிலோ. தொன்னொன்றுக்கு 140க்கும் மேல். தன் உடலைச் சுமக்கவே தன் வலுவைச் செலவிடும் பெருமை என்ன பெருமை? சுங்க வாசலிலும் இதே நீதிதான். எஞ்சினின் பருமன் ஏற ஏற, ஒவ்வொரு சி.சி.க்கும் விதிக்கப்படும் வரியின் வீதமும் ஏறுகிறது.

2022ஆம் ஆண்டை நாம் அதற்குள் மறந்துவிட்டோமா? அவ்வாண்டு ஏப்ரலில் நாடு தன் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதென அறிவித்தது. யூன் 26ஆம் நாள் ஒரு லீற்றர் பெற்றோலின் விலை 470 ரூபாவாயிற்று. பெற்றோல் நிலையங்களின் வாசலில் இரவு பகலாக வண்டிகள் வரிசையில் கிடந்தன. பின்னர் கியூ.ஆர். அட்டை வந்தது, காருக்கு வாரம் 20 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர், மோட்டார்ச் சைக்கிளுக்கு 4 லீற்றர் என்று அளந்து ஊற்றத் தொடங்கினர்.

வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு ஏறக்குறையப் பத்துக் கிலோமீற்றர். ஆறு நாள் போய்வந்தால் வாரத்துக்கு 120 கிலோமீற்றர். நெரிசலில் எட்டுச் சிலிண்டர் வண்டி லீற்றருக்கு ஐந்து கிலோமீற்றரும், விசைமிகு சிறுகார் பத்துக் கிலோமீற்றரும் ஓடுவதாகக் கொள்வோம். பெரியதற்கு 24 லீற்றர் வேண்டும்; கிடைத்தது 20. ஆறாம் நாள் அது வீட்டு வாசலில் அலங்காரமாக நின்றிருக்கும்! சிறியதற்கு 12 லீற்றர் போதும். எட்டு லீற்றர் மிச்சம். லீற்றர் 470 ரூபா என்ற விலையில் முன்னதன் செலவு 11,280 ரூபா. பின்னதன் செலவு 5,640 ரூபா. வண்டி மட்டும் மாறுகிறது. போகும் அலுவலகமும் வரும் வீடும் ஒன்றே.

“என் பணம், என் பெற்றோல், உங்களுக்கென்ன?” என்று கேட்போர் இருப்பர். அவர்களுக்கு நாம் விடை சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். ரூபா உங்களுடையதாயிருக்கலாம், பெற்றோலை வாங்கும் டொலர் நாட்டுக்குப் பொதுவானது. வன்னியின் வயலில் இரத்தம் சிந்தாமல் வியர்வை சிந்தி நெல் விளைவிக்கும் கமக்காரனுக்கும், யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் வெங்காயம் நடுபவனுக்கும் அதில் பங்குண்டு. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி ஒரே ஆணையால் நிறுத்தப்பட்டது. நவம்பரில் தடை நீங்குவதற்குள் பட்ட இழப்பைக் கமக்காரன் அறிவான். அடுத்த ஆண்டு நீரிறைக்கும் இயந்திரத்துக்கு மண்ணெண்ணெய் தேடி அலைந்தான். 2022 ஓகத்தில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக அது ஒரே நாளில் உயர்ந்தது. நகரத்து வீண்செலவும் நாட்டுப்புறத்து வறட்சியும் ஒரே டொலர்ப் பெட்டியின் இரு பக்கங்கள் என்பதை அன்றே நாம் உணர்ந்திருக்க வேண்டும்.

சிறியதன் பெருமையை நமக்கு அந்நியர் கற்பிக்க வேண்டியதில்லை. 1990ஆம் ஆண்டு தொடங்கி வடக்கின் மீது பொருளாதாரத் தடை விழுந்தபோது, யாழ்ப்பாணத்தில் பெற்றோல் மருந்துபோல் அரிதாயிற்று. அன்று நம்மைச் சுமந்தவை எவை? துவிச்சக்கர வண்டிகளும், பழைய ஒஸ்ரினும், மொறிஸ் மைனரும்! சில துளி பெற்றோலில் எஞ்சினைக் கிளப்பி, பின்பு மண்ணெண்ணெயில் ஓட்டினர் நம்மவர். அவற்றின் எஞ்சின் எளியது, அழுத்தம் குறைந்தது, ஆதலால் தாழ்ந்த எரிபொருளையும் ஏற்றது. ஊரிலுள்ள திருத்துநரே பழுதைப் பார்த்தார். நோயாளியும் கர்ப்பிணியும் ஆஸ்பத்திரிக்குச் சென்றது அவ்வண்டிகளிலேதான். அன்று அவற்றின் பழமையைக் கண்டு எவரும் நகைக்கவில்லை. துன்பத்தில் கற்ற பாடத்தை வசதி வந்ததும் மறப்பது நன்றியுடைமையாகுமா?

எதிர்வாதங்களையும் நேர்மையாக நோக்குவோம். யாழ்ப்பாணம் செல்ல ஏறத்தாழ நானூறு கிலோமீற்றர். குடும்பத்தோடு செல்லப் பெரிய வண்டி வேண்டும் என்பர். ஏ9 வீதி குண்டும் குழியுமாய்க் கிடந்த காலத்தில் அது நல்ல நியாயமாயிருந்தது. செப்பனிடப்பட்ட வீதியில் அந்நியாயம் தேய்ந்துவிட்டது. ஆண்டில் இருமுறை திருவிழாவுக்கு ஊர் போவதற்காக ஆண்டு முழுவதும் இரண்டரைத் தொன்னைக் காலி வீதியில் இழுக்க வேண்டுமா? ஏழெட்டுப் பேர் கொண்ட குடும்பத்துக்குப் பெரிய வண்டி தேவையே. விதைநெல்லும் உரமும் ஏற்றிச் சேற்றுப்பாதையில் செல்லும் கமக்காரனுக்கும் உயர்ந்த வலிய வண்டி தேவையே. அவை தொழிற்கருவிகள், அவற்றை நாம் ஒருபோதும் குறை கூறோம்.

விசைமிகு சிறுகார் குற்றமற்றது என்றும் நாம் சொல்ல வரவில்லை. விசை கையில் இருந்தால் கால் துடிக்கும். ஊர்மனை நிறைந்த வீதியில் மணிக்கு 50 கிலோமீற்றரே வரம்பு என்பதைச் சிறிய காரின் சாரதியும் மறத்தலாகாது. பாடசாலை விடும் வேளையில் ஒழுங்கையில் சீறிப் பாய்பவன் எந்தக் காரில் இருந்தாலும் குற்றவாளியே. அதன் விலையும் ஏழைக்கு எட்டுவதன்று. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியாருக்கு மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பழைய கார்கள்கூட வாங்கிய விலைக்கு மேல் விலைபோயின. ஆகவே வேகத்தில் நாட்டமில்லாதவர் சாதாரணச் சிறுகாரோடு அமைதலே நன்று. ஆனால் சொகுசுக் காரை ஏற்கெனவே வைத்திருப்பவர், வண்டியோட்டுவதில் உண்மையான விருப்பமும் உடையவர், அதைக் கொடுத்து இதை வாங்குவாராயின், அவர் இழப்பது பருமனை மட்டுமே. மிஞ்சும் பணம் பிள்ளையின் கல்விக்கோ ஊரிலுள்ள தோட்டக் கிணற்றுக்கோ உதவும்.

இறுதியாக, நம் பிரதிநிதிகளுக்கு ஒரு சொல். பாராளுமன்ற உறுப்பினர்களுக்குத் தீர்வை விலக்குடன் வாகன அனுமதிப்பத்திரம் வழங்கும் வழக்கம் நெடுங்காலம் நிலவியது. கட்சி வேறுபாடின்றி, இன வேறுபாடின்றி அதைப் பெற்றனர். உரிமைப் போராட்டத்தில் ஒன்றுபடாதவர்கள் அனுமதிப்பத்திரத்தில் ஒன்றுபட்டனர்! காணி இழந்தவனிடமும் கடலை இழந்தவனிடமும் வாக்குக் கேட்க, கறுப்புக் கண்ணாடி போட்ட பெருவண்டியில் வந்திறங்குவது எவ்வாறு பொருந்தும்? கண்ணாடிக்கு உள்ளிருப்பவரை மக்கள் காணவில்லை. மக்களின் முகத்தை அவரும் காணவில்லை. 2025 செப்டம்பரில் முன்னாள் ஜனாதிபதிகளின் சிறப்புரிமைகளையே சட்டம் இயற்றி நீக்கியது பாராளுமன்றம். சட்டம் வந்து பிடுங்கும்வரை காத்திராமல், தாமாகவே சிறிய காருக்கு மாறும் முதல் தமிழ்ப் பிரதிநிதி எவரோ, அவரை நாம் பாராட்டக் காத்திருக்கிறோம்.

தமிழ்ப் பெருமக்களே! அடுத்தமுறை உங்கள் அயலவர் பெரிய காரைக் கொடுத்துச் சிறிய காரோடு வந்தால், நொடித்துப்போனாரோ என்று கேளாதீர்கள். “நல்ல கணக்குப் போட்டீர்கள்” என்று கைகுலுக்குங்கள். வண்டியின் அளவு சிறுத்தால் மனிதனின் அளவு சிறுப்பதில்லை.