நடைக் கையேட்டை எழுதிக் கொடுங்கள்

அசோக் நகர், மேற்கு மாம்பலம், கே.கே. நகர் பகுதிகளில் எழுத்து, மெய்ப்புத் திருத்தம், பக்க வடிவமைப்பு வேலைகளைச் செய்பவர்களின் அமைப்பு எங்களுடையது. எழுத்தாளருக்கு இலக்கண நூலும் நடைக் கையேடும் தேவையா என்று கேட்டால், தேவை என்பதே எங்கள் நிலைப்பாடு. ஆனால் எது பிழை, எது பதிப்பகத்தின் விருப்பம் என்று பிரித்துச் சொல்லும் கையேடுதான் உதவும். இரண்டையும் ஒரே சிவப்பு மையால் வட்டமிடுவதால்தான் சண்டை வருகிறது.

'வேலை தேடினான்' என்றால் வேலையில்லாதவன். நடுவில் ஒரு 'த்' விழுந்து 'வேலைத் தேடினான்' ஆகிவிட்டால், பக்கத்து வடபழனி முருகன் கையில் இருப்பதைத் தேடுகிறான் என்று பொருள். இதில் எழுத்தாளரின் சுதந்திரம் என்று வாதாட ஒன்றுமில்லை.

'வந்துகொண்டிருந்தார்' என்பதைச் சேர்ப்பதா பிரிப்பதா, கோயிலா கோவிலா, ஃபேஸ்புக்கா பேஸ்புக்கா என்பதெல்லாம் வேறு வகை. எதை எடுத்தாலும் குற்றமில்லை. ஒரே புத்தகத்தில் இரண்டும் கலந்து வந்தால்தான் வாசகர் தடுமாறுவார். இதற்கு நன்னூலைப் புரட்டிப் பயனில்லை. பவணந்தியார் காலத்து ஏட்டில் காற்புள்ளியும் கிடையாது, சொல்லுக்குச் சொல் இடைவெளியும் கிடையாது. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் அ.கி. பரந்தாமனார் 'நல்ல தமிழ் எழுத வேண்டுமா?' எழுதினார், மொழி அறக்கட்டளையின் முயற்சியில் 'தமிழ் நடைக் கையேடு' வந்தது, 1992இல் க்ரியா அகராதியின் முதல் பதிப்பும் வந்தது. எங்களில் பலர் மேசையில் இவை மூன்றும் அட்டை கிழிந்து கிடக்கின்றன. மூன்றும் எல்லா இடத்திலும் ஒத்துப்போவதில்லை என்பதும் எங்களுக்குத் தெரியும். 1978இல் அரசாணை போட்டு 'னை', 'லை' போன்ற எழுத்துகளின் பழைய வடிவத்தை மாற்றினார்கள். இடைவெளிக்கும் பொருளை மாற்றாத ஒற்றுக்கும் அப்படி ஓர் ஆணை வர வேண்டாம். அந்தந்தப் பதிப்பகம் தன் முடிவை எழுதி வைத்தால் போதும்.

உரையாடலில் மட்டும் கையேடு கை வைக்கக் கூடாது. நாஞ்சில் நாட்டுப் பாட்டி ஒற்றைப் பேரனை 'மக்களே' என்று கூப்பிடுவாள். அதை 'மகனே' என்று மாற்றிவிட்டு 'ஒருமை பன்மை சரிசெய்தேன்' என்று ஓரத்தில் குறிப்பு எழுதுகிறவருக்கு இலக்கணம் தெரிந்திருக்கலாம், காது இல்லை. கி. ராஜநாராயணன் கரிசல் வழக்குக்குத் தனி அகராதியே தொகுத்துக் கொடுத்த மொழி இது. எழுத்தாளர்களும் கையெழுத்துப் பிரதியோடு தங்கள் ஊர்ச் சொற்களின் பட்டியல் ஒன்றை இணைத்துக் கொடுத்தால் பாதித் தகராறு குறையும்.

எனவே, ஒப்பந்தம் போடும் அன்றே பதிப்பகங்கள் தங்கள் நடைக் கையேட்டை, நான்கு பக்கமே ஆனாலும், எழுத்தாளருக்கும் மெய்ப்புத் திருத்துநருக்கும் கொடுக்க வேண்டும். திருத்திய படி எழுத்தாளர் பார்வைக்குப் போகாமல் அச்சுக்குப் போகக் கூடாது. ஜனவரி புத்தகக் காட்சிக்காக டிசம்பர் கடைசியில் முந்நூறு பக்கத்தை இரவில் அனுப்பிக் காலையில் கேட்கும் வழக்கத்தையும் நிறுத்த வேண்டும். அந்த அவசரத்தில் எந்தக் கையேட்டையும் யாரும் திறப்பதில்லை.