பணம் தீவாருடையது! அதிகாரம் யாருடையது?

போர்ட்டோ ரிக்கோ என்பது அமெரிக்காவின் ஆளுகைக்குட்பட்ட ஒரு தீவு. அங்குள்ளவர்கள் அமெரிக்கப் பிரஜைகளேயாவார்கள். ஆனால், தீவில் வாழும் வரை ஜனாதிபதித் தேர்தலில் அவர்களுக்கு ஓட்டில்லை. அமெரிக்கச் சட்டசபையில் ஓட்டுரிமையுள்ள ஒரு பிரதிநிதியும் இல்லை.

தீவின் சர்க்கார் 7,000 கோடி டாலருக்கு மேல் கடன்பட்டு நின்றபோது, 2016-ல் அச்சட்டசபை ஒரு சட்டம் செய்து, வரவு செலவைக் கண்காணிக்க 7 பேர் கொண்ட போர்டு ஒன்றை ஏற்படுத்திற்று. எழுவரையும் நியமிப்பவர் ஜனாதிபதி. அவர்களில் ஒருவர் மாத்திரம் தீவில் குடியோ தொழிலோ உள்ளவராயிருந்தால் போதுமாம். ஜனங்கள் தெரிந்தெடுத்த கவர்னருக்கோ உட்கார இடமுண்டு, ஓட்டில்லை!

அங்கத்தினர்களுக்குச் சம்பளமில்லை என்பது மெய்தான். ஆனால், 2017-ல் அமர்த்தப்பட்ட நிர்வாக டைரக்டருக்கு வருஷச் சம்பளம் 6,25,000 டாலர். அமெரிக்க ஜனாதிபதியின் சம்பளமே 4,00,000 டாலர்தான். போர்டின் செலவு முழுவதும் தீவாரின் தலையில். சிக்கனம் கற்பிக்க வந்தவர்களின் சிக்கனம் இது!

கடன்பட்ட சர்க்காரிடம் கணக்குக் கேட்கக் கூடாதென்று நாம் சொல்லவில்லை. கேட்கத்தான் வேண்டும். ஆனால், கணக்குக் கேட்பவனை வைக்கவும் தள்ளவும் அவனுக்குக் கூலி கொடுப்பவனுக்கு உரிமை வேண்டாமா? பணம் கொடுக்க யோக்கியதை உண்டு, ஆளைத் தெரிந்தெடுக்க யோக்கியதை இல்லை என்பது எந்த ஊர் நியாயம் என்று கேட்கின்றோம்.