தலைமையும் புதுமையும்

கல்வியிற் சிறந்து, பதவியில் உயர்ந்து, பலர்க்கும் வழிகாட்டிகளாய் விளங்கும் பெரியோருட் சிலர், தம் தொழிலிற் புதிதாய்த் தோன்றிய கருவியையோ முறையையோ கண்டவிடத்து முகஞ்சுளித்தல் உலக வழக்கமாயிருக்கின்றது. "இஃதில்லாமலே முப்பதாண்டு தொழில் நடத்தினோமன்றோ!" என்பது அவர்கள் கூறும் விடை. அவ்விடை எத்துணைத் தகுதியுடையதென ஆராய்தற்கு, வைத்தியத் துறையில் நிகழ்ந்த வரலாறொன்றை எடுத்துக்கொள்வோம்.

வியன்னா நகரப் பொது மருத்துவமனையில் இரண்டு பிரசவ விடுதிகள் இருந்தன. முதலாவதில் வைத்திய மாணவரும், இரண்டாவதில் மருத்துவச்சிகளும் பயின்றனர். 1846-ஆம் ஆண்டில் முதல் விடுதியில் 4,010 பிரசவங்களுக்கு 459 தாய்மார் மாண்டனர். இரண்டாவதில் 3,754 பிரசவங்களுக்கு மாண்டோர் 105 பேரே. முதல் விடுதியிற் சேர்க்கவேண்டாமென ஏழைப் பெண்கள் அழுது மன்றாடினர். கற்றவர் கைப்பட்ட இடத்திற் சாவு மிகுவானேன் என்று வருந்தினார் செம்மல்வைஸ் என்னும் இளைய வைத்தியர். 1847-இல் அவருடைய நண்பரொருவர் பிணச் சோதனையிற் கத்திபட்ட காயத்தால் இறந்தார். அவருடலிற் கண்ட குறிகள் அத்தாய்மாருடலிற் கண்டவற்றை ஒத்திருந்தன. பிணவறையினின்று நேரே பிரசவ விடுதிக்கு வரும் வைத்தியர் கைகளே நஞ்சைக் கொணர்கின்றன எனத் துணிந்த அவர், குளோரின் சேர்ந்த சுண்ணாம்பு நீரிற் கைகழுவிய பின்னரே தாய்மாரைத் தொடவேண்டுமென விதித்தார். 1848-இல் அவ்விடுதியில் 3,556 பிரசவங்களுக்கு மாண்டோர் 45 பேரே.

இத்துணைத் தெளிவான கணக்கைக் கண்டும் துறைத்தலைவர் இசைந்திலர். புகழ்பெற்ற பேராசிரியர் பலரும் ஏற்றிலர். 1849-இல் செம்மல்வைஸின் பதவி நீட்டிக்கப்படவில்லை. 1850-இல் அவர் வியன்னாவை விட்டகன்றார். 1865-இல், தம் 47-ஆம் வயதில், மனநோயாளர் விடுதியில் உயிர்நீத்தார்.

எதிர்த்தோர் பக்கத்திலும் நியாயம் சிறிதுண்டு. கிருமிகளே இந்நோய்க்குக் காரணமென்பது அக்காலத்து நிறுவப்படவில்லை. செம்மல்வைஸும் 1861 வரை தம் கொள்கையை நூலாக வெளியிடாது தாழ்த்தார். பின்னர் மறுத்தோரைக் கடுஞ்சொற்களால் ஏசினார். ஆயினும், காரணம் விளங்காவிடினும் கணக்கு விளங்கிற்று. ஒரு பாத்திரம் நீரை வைத்துச் சோதிப்பதற்கு எவ்வளவு பொருள் செலவாகும்? அவர்களைத் தடுத்தது அறியாமையன்று. புதுமுறையை ஒப்பின், இதுகாறும் தம் கைகளாலேயே தாய்மார் பலர் மாண்டனரென ஒப்பவேண்டும். அவ்வொப்புதலுக்கு அவர்கள் நெஞ்சம் துணியவில்லை. பொறுப்பைக் கைகழுவினரேயன்றிக் கைகளைக் கழுவிலர்.

இது பழங்கதையென ஒதுக்குதற்கில்லை. இன்று கணிப்பொறி புகாத துறை யாது? ஆயினும், பிறர் அச்சிட்டுக் கொணர்ந்தாலன்றித் தமக்கு வந்த மின்னஞ்சலைப் படியாத தலைவர் உளர். தம் கடவுச்சொல்லை எழுத்தரிடம் ஒப்புவித்து, தம் பெயரால் நடப்பது இன்னதென அறியாதிருக்கும் அதிகாரிகளும் உளர். "எமக்கு இதெல்லாம் தெரியாது" என்பதை அவர்கள் பெருமையாகவே மொழிகின்றனர். தம் கையொப்பத்தைப் பிறரிடம் கொடுத்துவிட்டவர் தலைமையையும் கொடுத்துவிட்டவரேயாவர். தம்மினும் இளையோரிடம் மாணவராய் அமர நாணுதலே இதற்குப் பெரும்பாலும் காரணமென்பது எம் கருத்து.

புதியன யாவும் நல்லனவென்று யாம் கூறவில்லை. செயற்கை நுண்ணறிவு போன்றவற்றில் மறுக்கத்தக்கனவும் தடுக்கத்தக்கனவும் பலவுள. ஆனால் அறிந்தவனே மறுக்கவும் வல்லன். கல்லாது விலக்குவோனும் ஆராயாது வாங்குவோனும் ஒருதன்மையரே. இருவரும் விற்பவனுடைய சொல்லுக்கோ தம் அச்சத்துக்கோ அடிமைகளாகின்றனர். சிறிதளவிற் சோதித்துப் பயனையும் கேட்டையும் எண்ணிப் பார்த்துத் துணிதலே தலைவர்க்குரிய நெறியாகும்.

மாணவ நண்பர்களே! முதியோரை நகைத்தற்காக இதனை எழுதினோமல்லோம். செம்மல்வைஸை மறுத்தவர்களும் ஒருகாலத்தில் ஆர்வமுள்ள இளைஞர்களாயிருந்தவர்களே. இன்னும் முப்பதாண்டு கழித்து நீங்களும் உயர்ந்த ஆசனங்களில் அமர்ந்திருப்பீர்கள். அன்று ஓர் இளைஞன் உங்கள் வாயிலில் வந்து நின்று, உங்கள் பழைய முறையில் ஒரு பிழையுண்டு என்பான். அவன் கொணர்ந்த கணக்கை வாங்கிப் படிக்கும் பணிவை இப்பொழுதே பழகிக்கொள்ளுங்கள்.