‘பெர்மனென்ட்’ எது?

பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடும் நம் வீடுகளில் மார்க்கப்பற்றைக் குறித்த கேள்விக்கு முன்பே எழுவது, “வேலை பெர்மனென்ட்தானா?” என்ற கேள்வி. இந்த ஆங்கிலச் சொல்லின் மீது நாம் வைத்துள்ள நம்பிக்கை வியப்புக்குரியது.

‘இறுதிவரை தங்கியிருத்தல்’ என்பது அதன் லத்தீன் வேர்ப்பொருள். அப்படித் தங்கியது எது? 1793இல் காரன்வாலிஸ் வங்காளத்தில் கொண்டுவந்த நிலவரித் திட்டத்துக்கு ‘பெர்மனென்ட் செட்டில்மென்ட்’ என்றே பெயர். ஜமீன்தாரி ஒழிப்போடு அது மறைந்தது. ஹேக் நகரில் 1922இல் செயல்படத் தொடங்கிய நிரந்தர சர்வதேச நீதிமன்றம் 1946இல் கலைக்கப்பட்டது. மனிதன் நிரந்தரம் என்று பெயர் சூட்டியதால் எதுவும் நிரந்தரமாகிவிடுவதில்லை.

ஆயினும் இச்சொல்லைப் பொருளோடு ஆளத்தக்க இடம் ஒன்று உண்டு. கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தை என்ன செய்வதென்று உமர் (ரலி) கேட்டபோது, மூலத்தை நிறுத்திவைத்து விளைச்சலைத் தர்மம் செய்யுமாறு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். அந்த நிலம் விற்கப்படாது, அன்பளிப்பாக்கப்படாது, வாரிசுக்கும் போகாது. அதுவே வக்ஃபு. 1995ஆம் ஆண்டின் இந்திய வக்ஃபு சட்டமும் அதனை ‘பெர்மனென்ட்’ அர்ப்பணிப்பு என்றே வரையறுக்கிறது.

நாமோ தலைகீழாக நடக்கிறோம். அழியும் வேலையை நிரந்தரம் என்கிறோம். நிரந்தரமான வக்ஃபைச் சொந்தச் சொத்தாக்குகிறோம். பள்ளிவாசல் கடையை வாப்பா காலத்து வாடகைக்கே வைத்துக்கொண்டு, பக்கத்துக் கடையின் வாடகைக்கு அதை உள்வாடகை விடுவோர் நம்மிடையே இல்லையா? “பரம்பரையாக எங்கள் கடை” என்கிறார்கள். வாரிசுக்குப் போகாதென்று விதிக்கப்பட்டது எவ்வாறு பரம்பரையாகும்? ஏழை வியாபாரிக்குச் சலுகை தருவதை நாம் எதிர்க்கவில்லை. ஆனால் இங்கே சலுகை பெறுவோர் ஏழைகளா?

வக்ஃபு நிலங்களைப் பிறர் பறிப்பதைக் கண்டிக்கும் உரிமை நமக்கு உண்டு. அவ்வுரிமைக்கு வலுச் சேர்ப்பது நம் கைகளின் தூய்மை. ஒவ்வொரு ஜமாஅத்தும் தன் வாடகைப் பதிவேட்டை மஹல்லா மக்கள் முன் திறந்து வைக்கட்டும். உரிய வாடகை வந்தால் எத்தனை அநாதைகள் படிப்பார்கள் என்று கணக்கிடட்டும்.

வக்ஃபு செய்தவர் மையவாடியில் உறங்குகிறார். மரணத்துக்குப் பின்னும் தொடரும் நன்மையை நாடியே அவர் கொடுத்தார். அதைத் தடுத்து நிறுத்தியவர் மறுமையில் அவருக்கு என்ன பதில் சொல்வார்?