இழுக்கும் வலுவும் தாங்கும் வலுவும்

வலு மிகுந்ததே வெல்லும் என்பது உலகத்தாரின் பொதுவான எண்ணம். அவ்வெண்ணம் முற்றிலும் சரியன்று என்பதனை அமெரிக்க ஐக்கிய நாடுகளின் உழவர்களிடையே வழங்கும் ஒரு விளையாட்டு நன்கு காட்டுகின்றது. அவ்விளையாட்டினையும், அதன்பொருட்டு டீசல் லொறியின் தானியங்கிக் கியர்ப் பெட்டியினை அவர்கள் வலுப்படுத்தும் முறையினையும் இவ்வாரம் நம் வாசகர்க்கு, சிறப்பாக மாணவர்க்கு, எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

எவருடைய குதிரை மிகுந்த பாரத்தை இழுக்கும் எனப் பந்தயம் வைத்து மகிழ்ந்தவர்கள் அந்நாட்டு உழவர்கள். குதிரையின் இடத்திற்கு உழவு இயந்திரம் வந்தபோது பந்தயமும் உடன்மாறிற்று. 1929 ஆம் ஆண்டில் மிசூரி, ஒஹாயோ ஆகிய மாநிலங்களில் இயந்திரங்களைக் கொண்டு முதற் போட்டிகள் நடைபெற்றன என்பர். 1969 இல் இதற்கெனத் தேசியச் சங்கம் ஒன்று தோன்றியது. பின்னர் லொறிகளும் களத்தில் இறங்கின. வைக்கோலும் கால்நடையும் ஏற்றிச் செல்லும் தம் சிறு டீசல் லொறியையே விடுமுறை நாளிற் பந்தயத்திற்குக் கொண்டுவருவோர் இன்று பலர்.

இழுக்கப்படுவது ஒரு சறுக்கு வண்டி. அதன் பின்புறத்தில் சில்லுகளும், முன்புறத்தில் நிலத்தோடு உராயும் இரும்புத் தட்டும் உள்ளன. மேலே கனத்த பாரப் பெட்டி ஒன்று இருக்கும். புறப்படும்போது பெட்டி பின்சில்லுகளுக்கு மேல் நிற்பதால் இழுப்பது எளிது. வண்டி நகர நகர, அச்சில்லுகளின் சுழற்சியே பெட்டியை முன்னோக்கி நகர்த்துகின்றது. பாரம் தட்டின்மேற் சாயச் சாய உராய்வு பெருகுகின்றது. முற்காலத்தில் களத்தின் ஓரத்தில் நின்றவர்கள் ஒருவர்பின் ஒருவராக ஏறி நின்று பாரத்தைக் கூட்டினர். அவர்தம் வேலையை இன்று பெட்டி செய்கின்றது. களத்தின் நீளம் பெரும்பாலும் 300 அடி, அஃதாவது ஏறத்தாழ 91 மீற்றர். அதனை முழுவதும் கடந்தால் அது ‘முழு இழுவை’. கடவாதவர்க்கு, லொறி நின்ற இடமே கணக்கு.

இப்போட்டியில் ஈடுபடும் இளைஞர் முதலிற் கைவைப்பது எஞ்சினில். டீசலையும் காற்றையும் மிகுதியாகச் செலுத்தினால் வலு பெருகும், அதற்கான வழிகள் பல, செலவும் பெரிதன்று. ஆனால் எஞ்சினிற் பிறந்த வலு சில்லினைச் சேர்வதற்கு முன் கியர்ப் பெட்டியைக் கடக்க வேண்டும். பலருடைய கனவு உடைவது அங்கேதான்.

ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். 1989 ஆம் ஆண்டில் டொட்ஜ் லொறியிற் பொருத்தப்பட்ட 5.9 லீற்றர் கமின்ஸ் டீசல் எஞ்சின் 160 குதிரை வலுவும், 400 அடி-இறாத்தல் முறுக்கமும் உடையதாய் இருந்தது. 2005 இல் அதே குடும்பத்து எஞ்சின் 325 குதிரை வலுவும் 610 அடி-இறாத்தல் முறுக்கமும் தந்தது. அவற்றோடு இணைந்த தானியங்கிக் கியர்ப் பெட்டிகளோ, 1962 இல் கிறைஸ்லர் கம்பனி கார்களுக்கென வெளியிட்ட பெட்டியின் வழிவந்தவை. அவற்றின்மேல் 1,000 அடி-இறாத்தல் முறுக்கத்தை ஏற்றினால் விளைவு யாதாகும் என்பதனை வாசகரே ஊகிக்கலாம்.

அப்பெட்டியின் உள்ளே நடப்பதனைச் சிறிது நோக்குவோம். இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் சுழலவிட்டால், மற்றையதும் அக்காற்றினால் மெல்லச் சுழலும். காற்றுக்குப் பதிலாக எண்ணெயை வைத்து இத்தத்துவத்தைப் பயன்படுத்துவதே முறுக்கமாற்றி. இரு சுழலிகளுக்கும் இடையே எண்ணெயின் திசையைத் திருப்பும் மூன்றாவது சில்லொன்றும் உண்டு. அதனாற் புறப்படும் வேளையில் முறுக்கம் ஏறத்தாழ இரு மடங்காகின்றது. கப்பல்களுக்கென இதனை அமைத்து 1905 இற் காப்புரிமை பெற்றவர் ஹேர்மன் ஃபொட்டிங்கர் என்னும் ஜேர்மானியப் பொறியியலாளர். பிரேக்கை அழுத்தியபடியே எஞ்சினை முடுக்கிக் காற்றமுக்கத்தைப் பெருக்கிக்கொண்டு, சங்கிலியை வெடுக்கென இழுக்காது புறப்பட இக்கருவி உதவுகின்றது. தானியங்கியைப் பந்தயக்காரர் விரும்புவதற்கு இதுவே தலையாய காரணம்.

ஆயின் எண்ணெய் வழியே செல்லும் வலுவில் ஒரு பகுதி வெப்பமாகி வீணாகும். 500 குதிரை வலுவுள்ள எஞ்சினில் நூற்றுக்குப் பத்து வழுக்கினால் 50 குதிரை வலு, அஃதாவது ஏறத்தாழ 37 கிலோவாட், எண்ணெயைச் சூடேற்றும். ஒரு கிலோவாட் மின்கேத்தில்கள் முப்பத்தேழினை ஒருங்கே அப்பெட்டிக்குள் வைத்ததற்கு அஃது ஒப்பாகும்! ஆதலின் புறப்பட்டபின் இரு சுழலிகளையும் ஒன்றாகப் பிணைக்கும் பூட்டுக் கிளச்சு இன்றியமையாதது. தொழிற்சாலையில் அதற்கு ஒரே தட்டு வைப்பர். பந்தய லொறிக்கு மூன்று தட்டு வைப்பாரும் உளர். உள்ளமுக்கத்தால் வீங்கி வளையும் மெல்லிய மூடியை நீக்கி, திண்ணிய உருக்கிற் கடைந்த மூடியைப் பொருத்துவர்.

இனி, கியர்களை மாற்றும் கிளச்சுகள். ஒரு கிளச்சு தாங்கும் முறுக்கம் நான்கினைப் பொறுத்தது: உராயும் முகங்களின் எண்ணிக்கை, உராய்வுக் குணகம், அழுத்தும் விசை, தட்டின் சராசரி ஆரை. இந்நான்கினையும் பெருக்கினால் விடை வரும். பெட்டியின் கூட்டினை அகலப்படுத்த இயலாமையால் ஆரை மாறாது. எஞ்சிய மூன்றிலேதான் தொழிலறிந்தோர் கைவைப்பர். தட்டுகளை மிகுதியாக அடுக்குவர். உயர்ந்த உராய்வுப் பொருளைப் பூசிய தட்டுகளைத் தெரிவர். அடைப்பிதழ்த் தொகுதியை மாற்றி எண்ணெயின் அமுக்கத்தை உயர்த்துவர். ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை உண்டு. தட்டுகளைக் கூட்டினால் ஒவ்வொரு தட்டும் மெலிந்து, வெப்பத்தைத் தாங்கும் ஆற்றல் குறையும். அமுக்கத்தைக் கூட்டினால் பம்பு எஞ்சினிடமிருந்து மேலும் வலுவை உண்ணும். கியர் மாறும்போது வண்டி அதிரும்.

கிளச்சு வழுக்காமல் இறுகப் பிடித்துவிட்டால் முழுப் பாரமும் உட்செல்லும் தண்டின்மேல் விழும். தண்டின் வலிமை விட்டத்தின் கனத்தைப் பொறுத்தது. விட்டம் பத்திலொரு பங்கு கூடினால் வலிமை மூன்றிலொரு பங்கு கூடும். ஆனால் பெட்டிக்குள் தண்டைத் தடிப்பாக்க இடமில்லை. ஆதலின் உயர்ந்த கலப்புருக்கிற் செய்த தண்டினைப் போடுவர். அது நிலைத்தால், பின்னுள்ள தண்டுகளும் அச்சும் அடுத்த சோதனைக்கு உள்ளாகும். ஒரு கண்ணியை வலுப்படுத்துவோன் உடைவினை அடுத்த கண்ணிக்கு அனுப்புகின்றான் என்பதே இதன் சாரம்.

அவ்வாறாயின் இதற்கு முடிவேது? முடிவு மண்ணிலே உள்ளது. சங்கிலியின் எல்லாக் கண்ணிகளையும் ஒரே அளவில் வலுப்படுத்தி, மிக நலிந்த இடமாகச் சில்லும் மண்ணும் தொடும் இடத்தை விட்டுவைப்பதே அறிவுடைமை. அங்கு வழுக்கினால் புழுதி பறக்கும், பந்தயம் தோற்கும், வேறு இழப்பில்லை. பெட்டிக்குள் உடைந்தாலோ, சுழலும் உருக்குத் துண்டுகள் கூட்டினைப் பிளந்து வெளிவருதலும் கூடும். சாரதியின் கால்கள் இருப்பது அப்பெட்டியின் அருகிலேயே. பார்வையாளரும் தொலைவில் இல்லை. கியர்ப் பெட்டியைச் சுற்றிக் காப்புறை வேண்டும் என வலுமிக்க வகுப்புகளின் போட்டி விதிகள் வற்புறுத்துவது இதனாலேதான். அக்காப்புறையின் செலவை வீண்செலவெனக் கருதுவோன் தன் உயிரையும் பிறர் உயிரையும் மலிவாக மதித்தவனாவான்.

உயிருக்கு இடர் நேராவிடினும் பிழைப்புக்கு இடர் உண்டு. பந்தயம் முடிந்த மறுநாள் அதே லொறிதான் பண்ணை வேலைக்குச் செல்ல வேண்டும். எஞ்சினுக்குச் சிறிது பணம் செலவிட்டுப் பெருமை கொண்டவன், எரிந்த கிளச்சுகளை மாற்றப் பெரும்பணம் தேடி நிற்பான். ஆகவே அனுபவமுள்ளோர் கூறும் ஒழுங்கு இது: முதலில் எண்ணெயைக் குளிர்விக்கும் கருவியும் வெப்பமானியும், அடுத்து முறுக்கமாற்றி, அடைப்பிதழ்த் தொகுதி, கிளச்சு, தண்டு, இவற்றின் பின்னரே எஞ்சின். களத்தில் முழங்குவது எஞ்சின். கியர்ப் பெட்டியின் உழைப்பைக் காண்பார் இலர். எனினும் முதலிற் காசு செல்ல வேண்டிய இடம் அதுவே.

‘வலியறிதல்’ என ஓர் அதிகாரத்தையே வகுத்த வள்ளுவப் பெருந்தகை, அதில் வண்டியின் அச்சினை உவமையாக எடுத்தாண்டிருப்பதை மாணவர் அறிவர். எவ்வளவு வலு உண்டு என வினவுவது எளிது. அவ்வலுவைத் தாங்கிச் செல்ல வழியெங்கும் எவை உள்ளன, அவற்றுள் மிக நலிந்தது எது என வினவுவதே கடினம். லொறியைப் பற்றி எழுதத் தொடங்கினோம். எனினும், ஒரே ஆண்டிற் பல பரீட்சைகளையும் பல வகுப்புகளையும் பிள்ளையின் தலைமேல் ஏற்ற முனையும் பெற்றோரும் இவ்வினாவினை ஒருமுறை தமக்குள் கேட்டுப் பார்ப்பாராக.